குவைத்துக்குப் போன தண்ணீர்

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பல வருடங்கள் முன்பே அங்கே போய் வந்தவர் பெரியம்மா. பயணத்துக்கு முதல் நாள் தேயிலைத் தோட்டத்தில் இருந்த எங்கள் லய வீட்டுக்கு வந்து, அம்மாவின் பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு, முக்கியமானதைக் காணவில்லை என்றார்.

"மொத வாரம் அந்த ஊரு தண்ணி ஒத்துக்காதுடி. வயித்தால போச்சுன்னா மேடம் ரெண்டு நாளு பார்ப்பா, அப்புறம் திருப்பி அனுப்பிருவா. நம்ம பீலித் தண்ணி ஒரு போத்தல் கொண்டு போ. அங்க உள்ள தண்ணியில கொஞ்சங் கொஞ்சமா கலந்து குடி."

"போத்தல் எதுக்கு? பீலியவே கழட்டிக் கொண்டு போகட்டும்" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

மலை ஊற்று வந்து விழும் அந்தப் பீலியில் தண்ணீர் பிடிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. போத்தலைக் கழுவிக் கழுவி நிரப்பினேன். ஆனால் 'திருப்பி அனுப்பிருவா' என்றது காதிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் ஹட்டன் பஸ் நிலையத்தில், அப்பாவும் அம்மாவும் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, போத்தலை ஓரத்துச் சாக்கடைக் கானில் கவிழ்த்துவிட்டு அங்கிருந்த குழாயில் பிடித்தேன். அம்மாவுக்கு வயிற்று வருத்தம் வரட்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் நினைத்தேனோ என்னவோ, இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் தண்ணீர் இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் திரும்பிவிடுவார், அவ்வளவுதான். அம்மா போத்தலைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

பாடசாலை விட்டதும் தினமும் ரோட்டில் நின்று பஸ்களைப் பார்த்தேன். பத்தாம் நாள் பெரியம்மாவின் போனில் அம்மா பேசினார்.

"வயிறு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு கண்ணு. ஒன் தண்ணிதான் காப்பாத்துச்சு. அப்படியே நம்ம பீலி ருசி!"

நான் ஓவென்று அழுதேன்.

"அம்மாதான் நல்லா இருக்கேன்ல, எதுக்குடி அழுவுற?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான்கு வருடங்கள் வரவில்லை.

போன வருடம் கைக்குழந்தையோடு, கணவர் வேலை செய்யும் கட்டாருக்குப் புறப்பட்டேன். கொதிக்க வைத்த தண்ணீரைப் போதுமா போதுமா என்று மறுபடி கொதிக்க வைத்து எடுத்துப் போயிருந்தேன். விமான நிலையத்தில் சோதனை செய்த பெண், குழந்தையின் போத்தலை மட்டும் திருப்பித் தந்துவிட்டு என்னுடையதைக் குப்பைத் தொட்டியில் போட்டார். எப்போதிருந்து இப்படி என்று சிங்களத்தில் கேட்டேன். "நீங்க சின்னப் பிள்ளையா இருந்த காலத்திலிருந்தே" என்றார்.

அம்மாவின் போத்தலும் அந்தத் தொட்டியைத் தாண்டியிருக்காது. அந்தப் பத்து நாட்களும் எந்தத் தண்ணீரைக் குடித்தார், வயிறு என்ன பாடுபட்டது என்று ஒன்பது வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவர் சொன்னதை அப்படியே நம்பி, அம்மாவைத் திருப்பி அனுப்பாத ஹட்டன் குழாயைத்தான் வெகு நாட்கள் கோபித்துக்கொண்டிருந்தேன்.