ஆற்றிக் குடித்த பீர்

அந்தப் பழுப்பு பாட்டிலில் இப்போது மணிபிளாண்ட் வளர்கிறது. லேபிளை நான்தான் சுரண்டி எடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு வந்த மருமகன் அதை எங்கள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, "சும்மா பீர் இல்ல மாமா, ஏல்னு ஒரு வகை. மால்ட் ஜாஸ்தி, கொஞ்சம் ஸ்ட்ராங்கு" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். திண்டுக்கல்லில் நாங்கள் கட்டிய இந்த வீட்டுக்குள் மது வந்தது அதுவே முதல் தடவை. மூன்று வாரம் அது மோர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் கிடந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் எங்கள் சர்ச் உபதேசியாரின் மனைவி உறைமோர் கேட்டு வரும்போதெல்லாம் நான் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றுகொள்வேன்.

அப்போது என் மனைவிக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. ஐப்பசியில் வந்த காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கியது. போகும்போது மணத்தையும் ருசியையும் கொண்டுபோய்விட்டது. குழம்பு கொதிக்கும் வாசத்தை வைத்தே வாசலில் நின்றபடி "உப்பு பத்தல" என்று சொல்லக்கூடியவள், இப்போது கரண்டியை என்னிடம் நீட்டினாள். நான் தலையாட்டினால் அடுப்பை அணைத்தாள். டாக்டர் சொன்னபடி கிராம்பு, எலுமிச்சைத் தோல், தைலம், காப்பித்தூள் நான்கையும் காலையும் மாலையும் அவள் மூக்கருகே பிடிப்பேன். ஒருநாள் "கிராம்பு மணக்குது" என்றாள். நான் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அன்று சாயங்காலமே என் மனைவி உண்மையைச் சொல்லிவிட்டாள்: "உங்க மூஞ்சி வாடிக் கெடந்துச்சு, அதான் அப்பிடிச் சொன்னேன்." அதன்பிறகு அவள் மணக்கவில்லை என்றாலும் எனக்குக் கலக்கம், மணக்கிறது என்றாலும் கலக்கம். பூச்சந்தையிலிருந்து நான் வாங்கிவரும் மல்லிகையைத் தலையில் வைத்துக்கொண்டு, "மணக்குதாங்க?" என்று என்னைக் கேட்பாள்.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"அம்புட்டையும் மோந்து பாத்தாச்சு. அந்த பாட்டில் ஒண்ணுதான் பாக்கி. எடுங்க."

"உபதேசியாருக்குத் தெரிஞ்சா?"

"அவருக்கும் ஒரு டம்ளர் குடுப்போம்."

ஐந்து சன்னல்களையும் சாத்தினேன். மூடியைக் கதவுத் தாழ்ப்பாளில் கொடுத்து நெம்பினேன். லேபிளில் ஆல்கஹால் எட்டு சதவீதம் என்று போட்டிருந்தது. ஒரு டம்ளரில் எவ்வளவு உள்ளே போகும் என்று நான் கணக்குப் போடுவதைப் பார்த்து, "கணக்கு வாத்தியாரே, பரீட்சை இல்ல, ஊத்துங்க" என்றாள். ஊற்றினேன். நுரையைக் கண்டதும் அவள் கை பழக்கத்தில் டபராவை எடுத்துவிட்டது. காப்பியை ஆற்றுவதுபோல் ஒரு முழம் தூக்கி ஆற்றினாள். நுரை பொங்கி மேசைவிரிப்பில் வழிந்து என் வேட்டியில் சொட்டியது. எனக்கு வேட்டியின் கவலை. அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மிச்சத்தை டம்ளருக்கு மாற்றி ஒரு வாய் குடித்தாள். "சில்லுனு இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

முகத்தைக் காட்டாமல் இருக்க நான் துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன். காய்ந்த இடத்தையும் துடைத்தேன். வெகுநேரம் கழித்து, குளிர் விட்டுப்போன டம்ளரை அவள் மறுபடி எடுத்தாள். விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தாள்.

"கசக்குது" என்றாள்.

நான் நிமிரவில்லை. "எனக்காகச் சொல்லாத."

"இல்லங்க. முன்னால கசப்பு. அடியில ஒரு இனிப்பு. கேப்பைய வறுக்கையில கருகிப் போகும்ல, அந்த வாசம். நீங்க குடிச்சுப் பாருங்க."

குடித்தேன். முதலில் வெறும் கசப்புதான். அவள் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு வாய் குடித்தபோது, தொண்டைக்குச் சற்று முன்னால் கருகிய கேப்பை வந்தது. கிராம்பைக் கண்ணால் பார்த்துவிட்டு மணக்கிறது என்று சொல்லலாம். இதை நாக்கும் மூக்கும் அல்லாமல் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். நான் ஈர மேசையருகே உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு டப்பாவின் மூடி திறக்கும் சத்தம், கொஞ்சம் மௌனம், மூடும் சத்தம். பிறகு அடுத்த டப்பா. எண்ணக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை. எட்டாவது மூடி திறந்தது. மூடும் சத்தம் வரவில்லை.

"ஏங்க," என்றாள் உள்ளேயிருந்து, மிக மெதுவாக. "சீரகம்."