காகிதப் பறவையில் ஒரு வீட்டுப் பெயர்

போன ஆகஸ்ட் ஐந்தாம் தேதியும் ஆறாம் தேதியும் கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரம் போகிறவர்களுக்குப் பாறசாலை என்பது ரயில் ஜன்னலில் வந்து போகிற ஒரு மஞ்சள் பலகை. சுற்றிப் பார்க்க யாரும் இறங்குவதில்லை. நான் ஏன் இறங்கினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருவி, படகு வீடு என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம், கோபமில்லை.

என் அம்மாவின் அப்பா இந்தப் பக்கத்தில் குன்னத்துகால் என்ற ஊர்க்காரர். பெயர் யேசுவடியான். மலேயாவில் ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் மலேயாவைப் பிடித்ததும், இன்றைய தாய்லாந்தான சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் வேண்டுமென்று தோட்டத் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் அவரும் போனார். திரும்பி வரவில்லை. எப்போது இறந்தார், எங்கே புதைத்தார்கள், புதைத்தார்களா என்பதே தெரியாது. போர் முடிந்த பிறகு அம்மா மூன்று வயதில் பாட்டியோடு கப்பலேறி ஊர் திரும்பினாள்.

அம்மா இந்தப் பயணத்துக்கு முந்தின டிசம்பரில் இறந்துபோனாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கோவை வீட்டில் இப்போது நானும் டிவியும்தான். கடைசி மாதங்களில் அம்மா கேட்டதெல்லாம் ஒன்றுதான். "அப்பா பேரு எங்கயாவது ஒரு இடத்துல எழுதியிருக்கணும்டி. எங்கயுமே இல்லாம போயிரக் கூடாது." சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது.

இந்த வலைப்பக்கத்தை ரொம்ப நாளாகப் படிக்கிறவர்களுக்கு என் காஞ்சனபுரி பயணம் நினைவிருக்கும். தாய்லாந்தில் அந்த ரயில் பாதையில் இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு அருமையான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பலகை, அதில் பெயர், வயது, படைப்பிரிவு. புல்லை அளவாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் நாடு அவர்களை மறக்கவில்லை, அதில் எனக்குப் பொறாமைதான். அவர்களைவிட அதிகமாகச் செத்தவர்கள் தமிழர்களும் மலாய்க்காரர்களும் பர்மாக்காரர்களும். ஒரு புத்த மடாலயத்தில் தமிழர்களுக்கென்று ஒரு கல் உண்டு. அதில் பெயர்கள் இல்லை.

ஹிரோஷிமாவுக்கும் போனேன். அணுகுண்டில் இறந்தவர்களின் பெயர்களை வருடா வருடம் சேர்த்து எழுதி, ஒரு கல் வளைவின் கீழே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் கருகிப்போன ஒரு சாப்பாட்டுப் பெட்டியின் முன்னால் நின்று நானும் அழுதேன். அழுது முடித்துவிட்டு, சயாம் ரயில் பாதையைப் பற்றி எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று அறை அறையாகத் தேடினேன். என் கண்ணில் படவில்லை. நாம் மட்டும் ஒழுங்கா? பத்தாம் வகுப்பு வரை நான் படித்த வரலாற்றில் என் தாத்தா போன பாதைக்கு அரை வரிகூடக் கிடையாது. அவரவர் பட்ட அடியை அவரவர் எழுதி வைக்கிறார்கள். நாம் அதைக்கூடச் செய்யவில்லை.

மிச்சம் இருந்தது சொந்த ஊர் மட்டும். குன்னத்துகாலில் தாத்தாவின் அண்ணன் மகன் தங்கையன் மாமா இருக்கிறார். சபைக் கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் கல்லறையும் இருக்கிறது. அந்தக் கல்லில் தாத்தா பெயரையும் வெட்டிவிட்டால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு தீர்ந்தது என்று கணக்குப் போட்டேன்.

கோவையிலிருந்து இரவு ரயிலில் நாகர்கோவில், அங்கிருந்து காலை பாசஞ்சரில் பாறசாலை. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்கள் நிற்கும். குன்னத்துகாலுக்கு எட்டு கிலோமீட்டர், இருநூற்றைம்பது ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன். ஓட்டுநர் பினு நான் பேசியதைக் கேட்டதுமே தமிழுக்கு மாறிவிட்டார். இங்கே எல்லோருமே அப்படித்தான், பாதி வாக்கியம் மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடியும்.

"ஆரைக் காணப் போறிய?"

"தங்கையன் மாமாவை. ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் வச்சிருக்காரே."

"ஓ, மேக்கேவிளையா! அங்க ஆட்டோ போவாது, கேட்டியளா. ஏத்தமாக்கும். கீழ விடுதேன்."

அவர் சொன்ன வீட்டுப் பெயரை நான் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. ஏத்தத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. கொடியில் ரப்பர் ஷீட்டுகள் மழைக்குப் பயந்து உள்பக்கமாகத் தொங்கின, வீடு முழுக்க அந்தப் புளித்த வாசனை. அத்தை மரச்சீனிக் கிழங்கு, நம் மரவள்ளிதான், அவித்து மீன் குழம்போடு வைத்தார். நன்றாகவே கவனித்தார்கள். சாப்பிட்டதும் மாமாவோடு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவில் சரிவில் இருக்கிறது. கறுப்புக் கிரானைட் கல்லில் குடும்பத்துப் பெயர்கள் வரிசையாக, கீழே நிறைய இடம் காலியாக. எனக்கு வேண்டியது ஒரு வரி. வந்த காரியத்தைச் சொன்னேன்.

மாமா கல்லில் ஒட்டியிருந்த ஈர இலைகளைத் தட்டிக்கொண்டே கேட்டார். "செத்த தேதி உண்டா மக்கா?"

"இல்ல மாமா."

"அடக்கம் செய்த இடம்?"

"தெரியாது."

"பின்ன எப்பிடி வெட்டுவ? ஆளு கிடக்காத கல்லறையில இஞ்ச பேரு வெட்டப்பிடாது. சபை சம்மதிக்காது."

"நான் கமிட்டியில பேசறேன் மாமா. எழுதிக் கொடுக்கறேன்."

"கமிட்டி சம்மதிச்சாலும் நான் சம்மதிக்க மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. கோயம்புத்தூர்க்காரி திடீரென்று வந்து பெயரைக் கேட்கிறாள், அடுத்ததாக நிலத்தைக் கேட்பாளோ என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படிக் கேட்டும்விட்டேன். மாமாவுக்குக் கோபம் வரவில்லை.

"நிலம் கிடக்கட்டு. எனக்க அப்பன் சாவுறது வரைக்கும் கிறிஸ்மஸுக்குத் தம்பிக்குன்னு ஒரு வேட்டி எடுத்து வச்சாரு. வருவான், வருவான்னு. ஆண்டவருக்க சமூகத்துல அவனுக்க நினைவுக்கு ஒரு ஜெபம் வைக்கலாம்னு பாஸ்டர் சொன்னப்போ, அதெல்லாம் செத்தவனுக்காக்கும்னு சண்டை போட்டவரு. கல்லுல பேரு வெட்டினா செத்தான்னு அர்த்தம். அதை எனக்க கையால எழுத மாட்டேன், கேட்டியா."

மழை பிடித்துக்கொண்டது. தாத்தாவை மறந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சண்டை போட வந்தேன். மறக்காததால்தான் மறுக்கிறார் என்றால் யாரிடம் சண்டை போடுவது?

அன்று ராத்திரி நெய்யாற்றின்கரையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் தங்கினேன். அறை தொள்ளாயிரம் ரூபாய், சுத்தமாக இருந்தது. சாவியைக் கொடுத்தவர், "தனியாட்டா?" என்று கேட்டார். தனியாகத்தான் என்றேன். எல்லா ஊரிலும் கேட்கிற கேள்விதான், அன்றைக்கு மட்டும் அறைக்குப் போன பிறகும் காதிலேயே இருந்தது. முன்பெல்லாம் பயணத்தில் ராத்திரி எட்டு மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்து, சாப்பிட்டதைச் சொல்லி, திட்டு வாங்குவேன். அந்த நேரத்துக்குப் போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்தேன். இத்தனை தூரம் வந்தும் அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை, சொல்வதற்கு அவளும் இல்லை.

மறுநாள் காலை புட்டும் பயறும் சாப்பிட்டுவிட்டு, மதிய ரயிலைப் பிடிக்க ஆட்டோவில் பாறசாலைக்குக் கிளம்பினேன். அமரவிளை வழியாகப் பத்து கிலோமீட்டர். பாறசாலைக்குள் நுழைந்ததும் ஆட்டோ நின்றுவிட்டது. எதிரே பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம். "யுத்தம் வேண்டா, சமாதானம் மதி" என்று மலையாளத்தில் கோஷம், போர் வேண்டாம், சமாதானம் போதும் என்று அர்த்தம். கையில் அட்டைகள், தலைக்கு மேலே நூலில் கட்டிய காகிதக் கொக்குகள். அப்போதுதான் தேதி உறைத்தது. ஆகஸ்ட் ஆறு, ஹிரோஷிமாவில் குண்டு போட்ட நாள். கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் குண்டில் இறந்தவர்களுக்காக ஜப்பான்காரர்கள் மடிக்கிற இந்தக் கொக்குகளோடு ஹிரோஷிமா தினம் அனுசரிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை.

இறங்கி ஒரு படம் எடுத்தேன். உடனே ஒரு டீச்சர் வந்துவிட்டார்.

"பிள்ளையளப் போட்டோ எடுக்கப்பிடாது, கேட்டியளா? டிலீட் பண்ணுங்கோ."

அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன். அவர் பெயர் சுஜா, தமிழ் வழி எட்டாம் வகுப்பு டீச்சர். இந்த எல்லைப் பக்கத்தில் தமிழ் வழி வகுப்புகள் இன்னும் உண்டு. பக்கத்தில் நின்ற பிள்ளையின் கொக்கைக் கவனித்தேன். இறக்கையில் 'ஹிரோஷிமா' என்று எழுதியிருந்தது. அடுத்ததிலும் அதுவே, அதற்கடுத்ததில் 'நாகசாகி'.

"போருல செத்த ஒராளுக்க பேரை ஆளாளுக்கு எழுதணும்னுதான் சொன்னேன் சேச்சி," என்றார் டீச்சர். "இதுகளுக்கு ஆருக்க பேரு தெரியும்? அதான் ஊருப் பேரு."

"எனக்கு ஒரு பேர் தெரியும். இந்தப் பக்கத்து ஆள்தான்," என்று சொல்லிவிட்டேன். தாத்தா கதையை அங்கேயே இரண்டு வரியில் சொன்னேன். அவருக்கு என்ன தோன்றியதோ, தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வகுப்புக்கே அழைத்துப் போனார்.

பிள்ளைகள் முன்னால் நின்று, அம்மாவுக்குச் சொல்வது போலச் சொன்னேன். ரப்பர் தோட்டம், ரயில் பாதை, காலரா, திரும்பாதது. முன் பெஞ்சில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் கை தூக்கினாள்.

"அப்போ அவரைக் கொண்டு போனது ஜப்பான்காரங்களா?"

"ஆமா. ஜப்பான் ராணுவம்."

"பின்ன நாம எதுக்கு ஜப்பானுக்குக் கொக்கு செய்யுதோம்?"

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. டீச்சரும் பார்த்தார். ஹிரோஷிமாவில் அறை அறையாகத் தேடியபோது எனக்குள் இருந்த அதே கேள்வி. அந்தக் குண்டில் உங்களைப் போலப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் செத்தார்கள், அவர்கள் யாரும் தாத்தாவை லாரியில் ஏற்றவில்லை என்றேன். அவர்களுக்கும் கொக்கு வேண்டும், இவருக்கும் வேண்டும் என்றேன். அவள் தலையாட்டினாள், முழுக்க ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. எனக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனால் வேறு பதில் இன்றுவரை கிடைக்கவில்லை.

அவளே நீலத் தாளில் ஒரு கொக்கு மடித்தாள். பேனாவை வைத்துக்கொண்டு, "வீட்டுப் பேரு என்ன?" என்றாள்.

"வெறும் யேசுவடியான் போதாதா?"

"எங்க தாத்தாவும் யேசுவடியான்தான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க சித்தப்பாவும்," என்றது இன்னொன்று. எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஊரில் வீட்டுப் பெயர் இல்லாமல் ஒருவரைச் சொன்னால் யாரையும் சொன்னதாகாது. நேற்று பினு சொன்னார், எனக்கு ஏத்தம்தான் நினைவிருந்தது. தாத்தாவின் வீட்டுப் பெயர் தெரியாமலேதான் இரண்டு நாடு சுற்றியிருக்கிறேன்.

மாமாவுக்குப் போன் போட்டேன். எடுத்தார். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார், குரல் இறுகியிருந்தது.

"மாமா, தாத்தாவோட வீட்டுப் பேர் என்ன?"

"ஆரு கேக்கது? கமிட்டியா?"

"இல்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. கல்லுல இல்ல மாமா, காகிதத்துல ஒரு பறவை செஞ்சு அதுல எழுதறாங்க."

 

"பறவையிலயா?" என்றார். "பறவையில எழுதலாம் மக்கா. அது கல்லறை இல்லியே. மேக்கேவிளை. மேக்கேவிளை யேசுவடியான்னு எழுதச் சொல்லு. பிள்ளையள நல்லா உருட்டி எழுதச் சொல்லு."

எழுதினாள். வராந்தாவில் மற்றக் கொக்குகளோடு கட்டினார்கள், ஒரு பக்கம் ஹிரோஷிமா, மறு பக்கம் நாகசாகி. ஜப்பான்காரர்கள் மடிக்கக் கற்றுக்கொடுத்த பறவையில் தாத்தா பெயர். கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி அழுதேன். பிள்ளைகள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். மதிய ரயிலில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பாறசாலையில் எக்ஸ்பிரஸ் எல்லாம் நிற்காது, பாசஞ்சர் பார்த்து வாருங்கள். ஆகஸ்டில் குடை கட்டாயம். கடல் பார்க்க வேண்டுமென்றால் பொழியூர் இருக்கிறது, கரை அரித்துக்கொண்டே வருவதால் மீனவர்கள் சொல்கிற இடத்தோடு நின்றுகொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்துக்குள் அனுமதி கேட்டுப் போங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் இப்படித் திரும்பாத ஒருவர் இருந்தால், வீட்டுப் பெயரை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், தெரிந்தவர்கள் இருக்கும்போதே.

நீங்கள் போகும்போது அந்தக் கொக்கு இருக்காது. இந்த மழைக்குக் காகிதம் எத்தனை நாள் தாங்கும்? அதனால் பள்ளிக்கூடத்தைத் தேட வேண்டாம். ரயிலில் போகும்போது பாறசாலை மஞ்சள் பலகை வந்தால், "மேக்கேவிளை யேசுவடியான்" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள், போதும். எனக்குப் பிறகு எங்கள் வீட்டில் சொல்ல ஆளில்லை.