கொல்லிமலைக்கு ஐஸில் போன அலுமினியப் பட்டைகள்

கொல்லிமலைக்கு எல்லோரும் அருவி பார்க்கப் போவார்கள். நான் போனது இரண்டு அலுமினியப் பட்டைகளைக் கொடுக்க. 2006 மே மாதம், ஒரு சனிக்கிழமை. மலைமேல் எடப்புளி நாடு என்கிற பகுதியில், ஒரு பள்ளிக்கூடத்தில் போலியோ பாதித்தவர்களுக்கான முகாம். காலின் இரு பக்கமும் தாங்கிப் பிடிக்கும் காலிப்பருக்கான பட்டைகள் அவை.

முதலில் உலோகம். சேலத்தில் ஒரு பட்டறையில் உலோகங்களைச் சூடாக்கிப் பதப்படுத்துவது என் வேலை. அலுமினியத்தில் கொஞ்சம் தாமிரம் கலந்த இந்த ரகம் இரும்பைவிட மிகவும் லேசு. ஐந்நூறு டிகிரிச் சூட்டிலிருந்து எடுத்துத் தண்ணீரில் முக்கினால் மிருதுவாக இருக்கும், வளைக்கலாம். பிறகு யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா வைத்திருந்தாலே ஒரு மணி நேரத்தில் இறுகத் தொடங்கி, நாலு நாளில் முழு பலத்துக்கு வந்துவிடும். காலுக்குத் தகுந்தபடி வளைத்த பின் இறுகினால் நல்லது. இறுகிய பின் வளைத்தால் விரிசல்தான். ஐஸில் வைத்தால் இந்த இறுக்கம் ஒரு நாள் தள்ளிப்போகும்.

காலை ஐந்துக்கு உலையிலிருந்து எடுத்து, மீன்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பிப் புதைத்தேன். 5.50 பஸ். டிக்கெட் 32 ரூபாய், பெட்டிக்கு லக்கேஜ் 10.

"ஏனுங்க தம்பி, மீனுங்களா?" என்றார் கண்டக்டர்.

விளக்கினால் ராசிபுரம் வரை விளக்க வேண்டும். "ஆமாங்க, மீன்தான்."

"நாத்தமே காணமே! செத்ததா, இல்ல தூங்குதா?"

பின் சீட்டு முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேளுக்குறிச்சியில் சந்தைக்கூட்டம், இருபது நிமிடம் நின்றது. காரவள்ளியில் 8.10. அங்கிருந்து எழுபது வளைவு. வாந்தி வருகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள், நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து அவதிப்பட்டேன். 9.25க்குச் செம்மேடு. ஷேர் ஜீப்பில் பத்து ரூபாய். பத்து மணிக்குப் பள்ளிக்கூடம். பெட்டியைத் திறந்து பார்த்தேன், முக்கால்வாசி ஐஸ் அப்படியே இருந்தது.

பட்டைகள் செல்விக்கு. பேளுக்குறிச்சிப் பக்கம் விவசாயக் குடும்பம், முப்பது வயதிருக்கும், இங்கே பால்வாடி டீச்சர். பழைய இரும்புக் காலிப்பரின் மூட்டு உடைந்து, கட்டுக்கம்பி சுற்றியிருந்தார். பால்வாடி ஒரு கிலோமீட்டர் இறக்கத்தில். ஜூனுக்குள் ஒழுங்காக நடந்து வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம்.

வளைப்பவர் அருள் அண்ணன், திண்டுக்கல் பக்கத்துக்காரர், காலிப்பர் செய்து மாட்டுகிற அரசு ஊழியர். கருவிகளோடு தயாராக இருந்தார். ஆனால் முகாமைத் திறந்து வைக்க வேண்டிய அதிகாரி வராமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாதாம். பதினொன்று ஆயிற்று. எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது, கிளம்பினேன். பந்தல் வேலை பார்த்த முருகேசன் பெட்டியைக் காட்டி, "இதுல என்னங்க?" என்றார்.

"ஐஸ்," என்று சொல்லிவிட்டு, பெட்டியை அங்கேயே விட்டு நடந்தேன்.

ஓடையில் குளித்து, ஐந்து ரூபாய்க்குப் பலாச்சுளை தின்று, ஒன்றரைக்குத் திரும்பினேன். பெட்டி காலி. மேடையில் வெயில் விழும் மேசையில் என் பட்டைகள், சந்தனப் பொட்டோடு, பூச்சரம் சுற்றி. பக்கத்தில் எலுமிச்சை ஜூஸ்.

"யாருய்யா ஐஸை எடுத்தது?"

"நீங்கதானுங்க ஐஸுன்னு சொன்னீங்க," என்றார் முருகேசன். "அய்யா வாராருன்னு ஜூஸுக்குப் போட்டமுங்க. பதினொன்றரைக்கே எடுத்தாச்சு. தகடு ஈரமாக் கெடந்துச்சு, நல்லாத் தொடச்சுத்தான் வெச்சிருக்கறனுங்க."

அதிகாரி வந்தது 2.40. ஜூஸ் குடித்தார், பேசினார், போனார். வளைக்க வேண்டாம் என்று அருள் அண்ணனிடம் சொன்னேன். "ஏழு மாசம் கேட்டு இந்த முகாமை வாங்கியிருக்காங்க தம்பி. நாளைக்கு நான் வேற மாவட்டம். காலை வச்சுப் பாக்காம வளைக்கவும் முடியாது. மெதுவாப் பாப்போம்," என்றார்.

மெதுவாகத்தான் வளைத்தார். கணுக்கால் வளைவில் "டிக்" என்று ஒரு சத்தம். தலைமுடி அளவு விரிசல். இறக்கத்தில் நாலடி வைத்தால் முறிந்துவிடும். அடுத்ததை அவர் தொடவில்லை.

ஐஸ் எதற்கு என்று அப்போதுதான் செல்வியிடம் சொன்னேன். 

"அந்தப் பெட்டிகிட்டயேதானுங்க நான் காலையில இருந்து உக்காந்திருந்தேன். முருகேசண்ணன் ஐஸ அள்ளையில டம்ளர் நீட்டுனதே நான்தான். இது உன்ற காலுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பெட்டி மேலயே ஏறி உக்காந்திருப்பனே சாமி."

கட்டுக்கம்பியை மறுபடி முறுக்கினார். கையால் முழங்காலை அழுத்திக்கொண்டு இறக்கத்தில் போனார். நான் 4.45 பஸ்ஸைப் பிடித்தேன்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை பேளுக்குறிச்சி வழியைத் தவிருங்கள். செம்மேட்டை விட்டால் உருப்படியான சாப்பாடு இல்லை. கெட்டுப்போகிற சாமான் எதையாவது கொண்டு போனால், யாருக்கு, எதற்கு என்று தமிழில் எழுதி மேலே ஒட்டுங்கள். கேட்கிறவருக்கு நின்று பதில் சொல்லுங்கள். நான் அன்று மிச்சம் பிடித்தது இரண்டு நிமிடம்.

ஜூனில் பால்வாடிக்கு வேறு டீச்சர் வந்துவிட்டார் என்று அருள் அண்ணன் போனில் சொன்னார். வளைக்காத பட்டை பட்டறையில் என் மேசையில் கிடக்கிறது. ஐந்தாம் நாள் அதை முழங்காலில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. அவ்வளவு பலம்.