விண்வெளிக்கு மூன்று நாள் லீவு

அந்தச் சீட்டைப் பெட்டியில் போட்டது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் எரிச்சல் முழுவதும் சார் மேல்தான் என்று ஆகிவிடும்.

செஞ்சி கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. டிகிரி முடித்துவிட்டு வீட்டில் உட்கார முடியாமல் அங்கே பாடம் நடத்தும் சாருக்கு உதவியாகப் போய்க்கொண்டிருந்தேன். தேர்வு என்றால் அங்கே ஒரே முறைதான்: பெட்டிக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுக்க வேண்டும், அதில் இருக்கும் சொல்லை வைத்து ஆங்கிலத்தில் பேச வேண்டும். மாம்பழம், குடை, தாஜ்மகால், மறுபடியும் மாம்பழம். வருஷக்கணக்காக அதே சீட்டுகள், ஓரமெல்லாம் நைந்துபோய். எனக்குத் தாங்கவில்லை. விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் ரஷ்யக் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி உள்ளே போட்டேன். ஒவ்வொரு சீட்டுக்கும் நோட்டில் மாதிரி வாக்கியம் ஒன்று இருக்க வேண்டும், அதை ஒட்டிப் பேசினால்தான் பாஸ் என்பது சாரின் விதி. இவர்தான் விண்வெளிக்குப் போன முதல் பெண் என்று அவசரமாக ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவைத்தேன். அந்த அவசரம்தான் வினையாகிவிட்டது.

எழுதியதோடு விட்டேனா? வகுப்பில் அரைமணி நேரம் அந்தக் கதையையும் சொன்னேன். நூல் மில் வேலை, பாராசூட், ராக்கெட், பூமியைச் சுற்றியது, எல்லாம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கீழே ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கும் அக்காவும் ஒருவர். பக்கத்து அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார், கடை சாத்தும்வரை நின்றபடியே புடவை பிரித்துப் போட்டு மடிப்பார். கோட்டை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் கடைக்குள்ளும் நுழைவதால், இங்கிலீஷ் சர்டிபிகேட் கொண்டுவந்தால் பில் போடும் நாற்காலி அவருக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். அதற்காகச் சாப்பாட்டு நேரத்தில் பாதியை மிச்சம்பிடித்து மாடியேறி வந்துகொண்டிருந்தார்.

"அந்தம்மா நூல் மில்லுலயா வேல செஞ்சிது பாப்பா?" என்றார்.

"ஆமாக்கா."

"மேல எத்தினி நாளு இருந்துது?"

"கிட்டத்தட்ட மூணு நாள். வார் போட்டு சீட்டோட கட்டிடுவாங்க. எழுந்திரிக்கவே முடியாது."

"மூணு நாளும் குந்திக்கினேவா?" அவர் கண் விரிந்தது. "குடுத்து வச்ச பொம்பள."

நான் ராக்கெட்டைச் சொன்னால் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தேர்வன்று பெட்டிக்குள் கைவிட்ட அக்கா அந்தச் சீட்டையே எடுத்தார். என் ஊதா மை தூரத்திலிருந்தே தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் காய்ச்சலுக்கு லீவ் லெட்டர் ஒப்பிக்கிற அதே ராகத்தில் தொடங்கினார். முதலில் 'ஆஸ்'. அடுத்து அந்த ரஷ்யப் பெயர், கொஞ்சமும் தடுக்காமல். "ஈஸ் கோயிங் டு ஸ்பேஸ், கைண்ட்லி கிராண்ட் ஹெர் லீவ் ஃபார் த்ரீ டேஸ்."

வகுப்பு கைதட்டியது. சார் நோட்டைப் புரட்டினார்.

"இது இங்க இல்லியேம்மா."

"சார், இங்கிலீஷ்ல ஒரு தப்பும் இல்ல. பேரும் சரி, நாளும் சரி" என்றேன்.

"முதல் பெண்ணுன்னு இருக்குது. அவங்க சொல்லலியே."

"அது சும்மா மாதிரிக்கு எழுதினது சார்!"

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் இன்னா என்னாண்ட சண்ட? நீ எழுதினத நீயே மதிக்கல."

ஃபெயில். அடுத்த மாதம் மறுபடியும் வரவேண்டுமாம். அக்கா முழங்காலைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். பெட்டியைத் தூக்கிப் பஸ் ஸ்டாண்டில் போட்டுவிட்டு வரலாமா என்று இருந்தது எனக்கு.

மறுநாள் மதியம் கீழேயிருந்து முதலாளியின் குரல். "வாத்தியாரே, செத்த எறங்கி வா!"

சாருக்குப் பின்னால் நானும் ஓடினேன். முதலாளி கையில் பில் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள். ஆங்கிலத்தில், அக்காவின் குண்டு எழுத்தில்: நின்று நின்று என் கால்கள் அவதிப்படுவதால், பில் போடும் நாற்காலியை எனக்குத் தயவுசெய்து வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதே 'ஆஸ்', அதே 'கைண்ட்லி கிராண்ட்'. அக்கா புடவைக் குவியலுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"இதுல தப்பு எதுனா இருக்குதா?" என்றார் முதலாளி.

சார் இரண்டுமுறை படித்தார். "ஒண்ணும் இல்ல. என் ஸ்டூடண்டாச்சே!"

"அப்போ எதுக்குய்யா ஃபெயிலு போட்ட?"

சார் என் பக்கம் திரும்பினார். இந்தமுறை நான் ஜன்னலைத் தேடவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாயங்காலத்துக்குள் சர்டிபிகேட் வந்துவிட்டது.

அந்தச் சீட்டைப் போடச் சொன்னதே தான்தான் என்று இப்போது ஒவ்வொரு புது பேட்ச்சிடமும் சார் பெருமையடிக்கிறார். சரி, அடித்துக்கொள்ளட்டும். நோட்டில் என் வாக்கியத்தை அடித்துவிட்டு அக்காவுடையதை எழுதப் போனால் மட்டும், "அதெல்லாம் மாத்தக்கூடாதும்மா" என்று கையைத் தட்டிவிடுகிறார்.

சர்டிபிகேட் வந்த அந்த வாரமே கடைக்குள் எட்டிப் பார்த்தேன். அக்கா பில் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"மூணு நாளாச்சு பாப்பா" என்றார். "சோத்துக்குக்கூட எழுந்திரிக்கல."