நாலு முனையில் மூன்று

நாற்பத்தெட்டு வயதுக்குள் அவள் வரைந்த கத்திகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பட்டறைக் கூரையை முட்டும். பழைய டயர்களைத் துண்டு துண்டாக்கும் இயந்திரங்கள் செய்கிற பட்டறை. டயரைக் கவ்வி இழுக்கும் எஃகுப் பற்களை வடிவமைப்பது அவள் வேலை என்பதால் ‘பல்லு அக்கா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முதலாளி அவளுடைய பெரியம்மா மகன். வீட்டிலும் அண்ணன், பட்டறையிலும் அண்ணன். சம்பள நாளில் மட்டும் சொந்தம் ஞாபகம் வராது.

டயருக்குள் இருக்கும் கம்பி எந்தக் கத்தியையும் தின்றுவிடும். மழுங்கிய கத்தியை மாற்ற, அது கோத்திருக்கும் தண்டையே வெளியே உருவ வேண்டும். வாங்கியவருக்கு இரண்டு நாள் வேலை படுத்துவிடும். இதற்கு ஒரு வழி தேடி மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் வந்தது ஒரு சின்னச் சதுரக் கத்தி, நடுவில் ஒரே ஒரு போல்ட். ஒரு முனை மழுங்கினால் போல்ட்டைத் தளர்த்தி, அடுத்த முனையைத் திருப்பி வைத்து முடுக்கினால் போதும்.

சோதனைக்காக ஒரு மெஷினை டயர் கிடங்கு ஒன்றில் ஓடவிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்த ஃபிட்டர் சிரித்துக்கொண்டே வந்தான்.

“அக்கா, உங்க பல்லு கெட்டிப் பல்லுதான்! கிடங்குக்காரருக்கு நம்ம போன் நம்பரே மறந்துபோச்சாம். கத்தியே கேக்கல பாருங்க.”

பாராட்டாகத்தான் சொன்னான். டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணன் சிரிக்கவில்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, நாம மெஷினை எதுக்கு விக்கிறோம்?”

“டயரை அரைக்க.”

“கத்தி விக்க. மெஷின் ஒருதடவைதான் போகும், கத்திதான் திரும்பத் திரும்பப் போகும். நீ என் அடுப்புல தண்ணி ஊத்திட்டு நிக்கிற. கத்தி உக்கார்ற இடத்துல ஒரு முளை வை, அது நுழைய கத்தியில ஒரே ஒரு துளை. ஒரே பக்கமாத்தான் உக்காரணும், திருப்பவே கூடாது.”

“அப்ப மீதி மூணு முனை எதுக்குண்ணே?”

“அழகுக்கு.”

“என் கையால அதை வரைய மாட்டேன். வேற ஆளைப் பாருங்க.”

வேற ஆள் வீட்டிலேயே இருந்தார். சாயங்காலத்துக்குள் அண்ணனின் மருமகன் வரைந்து கொடுத்துவிட்டார். அவள் வாங்கிப் பார்த்தாள். முளைக்கான துளை வெட்டும் முனையை ஒட்டியே இருந்தது. அந்த இடத்தில் எஃகு விண்டுவிடும். தெறிக்கும் துண்டு, எதிரே நின்று டயரைத் தள்ளுகிறவன் முகத்தில் போய் இறங்கும்.

“அண்ணே, இது ஆளை அடிச்சிடும்.”

“அப்ப நீ வரை. இல்லன்னா இதுதான் போகும்.”

உட்கார்ந்தாள். துளையைப் பின்பக்கம் தள்ளினாள், கத்தியைக் கொஞ்சம் தடிமனாக்கினாள். சோதனையில் ஒரு கத்திகூட விண்டுபோகவில்லை. அவள் வரைந்ததிலேயே பிசிறில்லாத வேலை என்று அண்ணன் எல்லோர் முன்னாலும் தட்டிக்கொடுத்தார்.

“நல்லா ஓடுற பிள்ளைக்கு நாமளே கால்கட்டு போடுறோமேக்கா” என்றான் ஃபிட்டர்.

“வாயை மூடிட்டு போல்ட்டை முடுக்குடா.”

முளை வைத்த முதல் மெஷின்கள் திங்கட்கிழமை லாரி ஏறுகின்றன. ஒரு முனை மழுங்கியதும் கத்தியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும் என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, அவளும் கூடப் போகிறாள்.