மச்சானின் மாத்திரை

அண்ணாச்சி, என் மச்சானின் பெருங்குடலை அறுத்து எடுக்கும்படி ஆனதற்கு நீங்கள்தான் காரணம். பாதி நீங்கள். மீதிப் பாதி நான்.

உங்கள் பெயரையும் உங்கள் நாட்டு மருந்துக் கடையின் பெயரையும் எழுதவில்லை. எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும். இதே நோயை வீட்டில் வைத்திருப்பவர்களும் படிக்கட்டும்.

மச்சான் இஞ்ஞாசி சங்கு குளிப்பவர். என் அக்கா பிலோமியின் கணவர். மூச்சுக்குக் காற்று வரும் கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு அவர் கடலடிக்குப் போனால், மேலே வள்ளத்தில் அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பது நான். எங்கள் கரையில் அந்தக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள். கூடப் பிறந்தவளின் தாலிக்காகவாவது கையை விடமாட்டான் என்ற நம்பிக்கை.

ஒரு நாள் அவர் உட்கார்ந்து எழுந்த பலகையில் ரத்தம் இருந்தது.

"மூலம்லே. வாயை மூடு. சம்மாட்டி அறிஞ்சா அடுத்த நடைக்கு வேற ஆளை ஏத்திருவான்," என்றார்.

சம்மாட்டி என்றால் வள்ளத்தின் முதலாளி. நான் கடல்தண்ணீரை அள்ளி ஊற்றிக் கழுவினேன். மூன்று மாதம் கழுவினேன். அது என் முதல் தப்பு. மூலம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை வெளிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொலனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உள்தோல் புண்ணாகி ரத்தம் கசியும் நோய்) என்றார் டாக்டர். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் குடலையே தாக்குகிறதாம். எனக்கு விளங்கவில்லை.

டாக்டர் எங்கள் பக்கத்துப் பெண். "ஹார்பர் கேட்டுல பாஸ் பாத்து விடுதாங்கல்லா? குடல்லயும் அப்படித்தான். அங்க கோடிக்கணக்குல கிருமி குடியிருக்கு. நிறைய நமக்கு வேலை பாக்குத கிருமி. எதிர்ப்பு சக்தி அதை விட்டுட்டுக் கெட்டதை மட்டும் மறிக்கணும். நல்ல குடல்ல காவலும் உண்டு, காவலை அடக்குத ஆளும் உண்டு. இவருக்கு அடக்குத ஆள் அசந்துட்டான். காவல்காரன் பாஸ் உள்ளவனையும் அடிக்கான், சொந்தக் கேட்டையும் உடைக்கான்."

"அப்ப மாத்திரை என்ன செய்யும்?"

"அவன் கையில உள்ள கம்பைப் பிடுங்கி வைக்கும்."

ஸ்டீராய்டு (அழற்சியைச் சீக்கிரம் தணிக்கும் மருந்து) கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தவே கூடாது என்றார். எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்னொரு மாத்திரையும் உண்டு. மச்சானுக்குச் சீட்டு வாசிக்க வராது. மருந்துப் பையை என்னிடம் நீட்டினார்.

"தண்ணிக்குள்ள உன் கையிலதான் கெடக்கேன். இதையும் நீயே பாத்துக்க மாப்ள."

ஒரு மாதத்தில் ரத்தம் நின்றது. ஆனால் மருந்தில் முகம் ஊதிவிட்டது. நீச்சல் கண்ணாடி பொருந்தவில்லை. டாக்டரும் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவர் போகாவிட்டால் எனக்கும் வேலை இல்லை.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வருகிறவர்களை மீன் ஏலக்கூடத்தில் நிறுத்தி மைக்கில் பேசினீர்கள். "எதிர்ப்பு சக்தியைக் கொல்லுததுக்கு மாத்திரை திங்கவனை எங்கயாவது பாத்திருக்கியளா? வீட்டு நாயைக் கொன்னுட்டுக் கள்ளனுக்குக் காப்பி போட்டு வைக்க கதைதான்!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கூட்டம் கலைந்ததும் மச்சானின் மாத்திரை அட்டைகளைக் காட்டினேன். "தூரப் போடு தம்பி, இன்னைக்கே," என்றீர்கள். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடியை உடன்குடிக் கருப்பட்டியில் உருட்டிக் கொடுத்தீர்கள்.

டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. மச்சான் சீக்கிரம் கடலுக்கு வர வேண்டும் என்று என் வயிற்றைப் பார்த்தேன். அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்தினேன். அவரிடம் "மருந்தை மாத்திட்டாங்க" என்று பொய் சொல்லி உருண்டையை நீட்டினேன்.

"இனிப்பா இருக்கேலே. உங்கக்கா கல்யாணத்துக்குக்கூட இப்படி ஒரு லட்டு போடல," என்று சப்பிச் சாப்பிட்டார்.

எட்டாம் நாள் ரத்தம் திரும்பியது. உங்களுக்குப் போன் போட்டேன். "கழிவு வெளிய போவுது. நல்லதுதான்," என்றீர்கள். அதையே மச்சானிடம் சொன்னேன். இன்னும் நான்கு நாள் உருண்டை கொடுத்தேன். கடலடியில் அவர் கயிற்றை ஒரு தடவை சுண்டினால் யோசிக்காமல் மேலே தூக்குகிறவன் நான். அந்த நான்கு நாளும் அவர் சுண்டிக்கொண்டே இருந்தார். நான் தூக்கவில்லை.

வயிறு வீங்கி, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடினோம். பெருங்குடல் விரிந்து கிடக்கிறது, வெடித்தால் ஆள் பிழைக்கமாட்டார் என்றார்கள். என் அக்காவின் முன்னாலேயே டாக்டர் கேட்டார். "மாத்திரையை யார் நிறுத்துனது?"

நான் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த மச்சான், பிதற்றல் சற்றுத் தெளிந்து, சொன்னார். "மாப்ள ஒழுங்காத்தான் குடுத்தான். நான்தான் துப்பிட்டேன்."

பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் துளையிட்டு, சிறுகுடலின் நுனியை வெளியே கொண்டுவந்து மலம் சேர ஒரு பை மாட்டினார்கள் (இந்தத் திறப்பை ஸ்டோமா என்கிறார்கள்). வார்டில் அவரிடம் கேட்டேன், மருந்து மாற்றியது பொய் என்று எப்போது தெரியும் என்று.

"மொத நாளே தெரியும்லே. எந்த ஆஸ்பத்திரியில கருப்பட்டி உருண்டை குடுக்கான்? நீ குடுக்க, நான் தின்னேன்."

ஏழு மாதம் ஆகிறது. "துப்புனியே, பாவி மனுசா, இப்ப பையைக் கட்டிட்டு அலையுதியே," என்று அக்கா அவரைத் திட்டாத நாள் இல்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொள்வார்.

முன்பு எங்களுக்கு நேரம் என்றால் காற்றும் நீரோட்டமும்தான். இப்போது பை நிறைவதுதான் நேரம். சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் நிறையும், எப்போது காலி செய்ய வேண்டும் என்பது எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். பையை மாற்றுவது நான். சிவப்பாக, ஈரமாக, தானாக அசைகிற அந்தக் குடல் நுனியைத் துடைக்கும்போதெல்லாம் என் வயிற்றை நினைப்பேன். என் உள்ளேயும் அந்தக் காவல் நிற்கிறது. என்னைக் கேட்டு நிற்கவில்லை, கேட்டு அடங்கவும் செய்யாது. அது கூடினால் நல்லது என்று இனி எவன் சொன்னாலும் நம்பமாட்டேன்.

போன வாரம் மச்சானிடம், எல்லாருக்கும் சொல்லப்போகிறேன் என்றேன்.

"சொல்லுலே. சொல்லிட்டு மணப்பாடு ஊருக்கு ஓடிரு. உங்கக்கா அங்கயும் வருவா."

நேற்று அக்காவிடம் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். மச்சான் தட்டில் மட்டும் மீன் வைத்தாள்.

இனி உங்கள் முறை அண்ணாச்சி. வருகிற ஞாயிறு, பூசை முடிந்ததும், அதே ஏலக்கூடம். முதலில் மைக்கை நான் பிடிப்பேன். நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்வேன். மச்சானும் பையோடு பக்கத்தில் நிற்பார். பிறகு மைக் உங்களுக்கு.

போன ஞாயிறு ஒரு பெண் மாத்திரை அட்டையோடு உங்கள் முன்னால் நின்றதைப் பார்த்தேன். அவளிடம் என்ன சொன்னீர்கள்? தூரப் போடச் சொன்னீர்களா, இல்லையா? எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.