காணிப்பாக்கத்தில் என் வாய் சொன்ன சத்தியம்

பதினோரு வருடம் அவருக்கு நான்தான் தமிழ் வாய். அவருக்குத் தெலுங்குதான் வரும். ஆந்திராவின் எல்லையோர மண்டலங்களில் ஓட்டுப் போடுகிறவர்களோ பாதிக்குப் பாதி தமிழர்கள். அவர் ஒரு வரி பேசிவிட்டு என் பக்கம் தாடையை லேசாக அசைப்பார். உடனே நான் அதைத் தமிழில் முழங்குவேன். "நான் உங்க வூட்டுப் புள்ள" என்று அவருக்காக எத்தனை தெருவில் கத்தியிருப்பேன்! ஊர்த் தலைவராக, வெறும் சர்பஞ்சாக இருந்தவர் எம்எல்ஏ ஆனதில் என் தொண்டைக்கும் பங்கு உண்டு என்று வெட்கமில்லாமல் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாம் முறை நின்றபோது ஏரி விவகாரம் வெடித்தது. எங்கள் ஊர் ஏரி நிலம் அவர் மச்சான் பெயருக்கு மாறியிருந்தது. "தைரியம் இருந்தா காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்ணட்டும்" என்று எதிராளி மேடையிலேயே சவால் விட்டார். கோர்ட்டில் கூசாமல் புளுகுகிறவன்கூட எங்கள் பக்கத்தில் அந்தப் பிள்ளையாரிடம் புளுக மாட்டான். குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு சந்நிதியில் பொய் சொன்னால் சொன்னவன் குடும்பத்தில் ஓர் உயிர் போகும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ஏரி நிலத்தை மச்சானுக்காக அளந்த அன்று சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்தவனே நான்தான்.

அவர் சவாலை ஏற்றுக்கொண்டார். ஆனால் அன்று தனக்கு மௌன விரதம் என்று அறிவித்தார். "நீ எப்பவும் போல சொல்லிடு தம்பி" என்று முந்தின நாள் தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார். முடியாது என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். சந்நிதியில் வேட்டி சொட்டச் சொட்ட அவர் கைகூப்பினார். தாடையை லேசாக அசைத்தார். பாழாய்ப்போன பழக்கம், என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அந்த ஏரி நெலத்துல ஒரு புடி மண்ணுகூட நான் தொடல. இது சத்தியம்."

கூட்டம் கோஷம் போட்டது. அர்ச்சகர் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

வீட்டில் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவுரு வாயத் தொறந்தாரா?"

"இல்ல."

"அடப்பாவி! ஒத்தப் பொண்ண வச்சிக்கினு என்னாய்யா காரியம் பண்ணிட்டு வந்துக்கிற?"

"சும்மா இருடி, அது அவுரு சத்தியம்" என்று அதட்டினேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

ஜெயித்தார். மறுநாள் காலை நன்றி சொல்ல திருப்பதி மலையேறுவதற்காக அடிவாரத்து அலிபிரிக்கு வந்தார். வழக்கம்போல நானும் போனேன். முதல் படியில் தேங்காய் உடைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் பேத்தி என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு ஓடி வந்தாள். எத்தனையோ கூட்டங்களில் என் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தை. நான் குனிந்து கை நீட்டினேன். அவர் பாய்ந்து வந்து அவளை வெடுக்கென்று பின்னால் இழுத்தார்.

"தொடாத. கொஞ்ச நாளு எங்க கிட்ட வராத" என்றார்.

தமிழில். நடுவில் யாரும் தேவைப்படவில்லை. முகத்தில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது. அந்தச் சத்தியம் யாருடையது என்று அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

விடியற்காலையில் நான் கிளம்பும்போது, "ஒடம்பு சுடுது நைனா" என்று என் பெண் சொன்னாள். வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். செருப்பைக்கூடத் தேடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.